வாய்மை சொன்னால் சரிதான்

என் பேர் வாய்மை. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் குறைவு என்பதுதான் என் கஷ்டமே. சிரித்துத் தொலைத்தால் நானும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவேன். ஆனால் பேரைச் சொன்னதும் முகத்தில் ஒரு மரியாதையைக் கொண்டுவந்து, "அடடா, எவ்வளவு நல்ல பேர்!" என்கிறார்கள். நாற்பத்து நாலு வருஷமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்பா லாரி ஓட்டினார். கூடப் பிறந்தவன்போல் பழகிய கூட்டாளி ஒருவன் அவரை நன்றாக ஏமாற்றிவிட்டு ஊரைவிட்டு ஓடிய மாதத்தில் நான் பிறந்தேன். "இந்த வீட்டுலயாவது பொய் சொல்லாத ஆள் ஒண்ணு இருக்கட்டும்" என்று இந்தப் பேரை வைத்தாராம். பேர் வைத்ததோடு தன் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார் மனுஷர். பொய் சொல்லாமல் இருப்பது எப்படி என்று ஒரு நாள்கூட உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. நாலு வருஷம் கழித்துத் தம்பி பிறந்தபோது அவருடைய கோபம் ஆறிப்போயிருந்தது. அவனுக்கு வாயில் வந்த ஒரு சாதாரணப் பேரை வைத்தார். சர்க்கரை டப்பாவில் நாங்கள் இரண்டு பேரும்தான் கை விடுவோம். இரண்டு பேரும்தான் இல்லவே இல்லை என்று சாதிப்போம். அவனுக்குக் கன்னத்தில் ஒரு செல்லக் கிள்ளு. எனக்கு முதுகில் ஒன்று, கூடவே "பேரைப் பாரு, செய்யற வேலையைப் பாரு!"

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பேரால் எனக்குக் கிடைத்ததும் கொஞ்சமில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் வெளியே போனால் பேசுகிறவர்கள் பேரை எழுதக் கரும்பலகைப் பக்கம் என்னைத்தான் நிற்க வைப்பார். பக்கத்து வீடுகளின் சாவியெல்லாம் எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். சலவைக் கடை வேலைக்குப் போய் நின்றபோது முதலாளி என் மனுவில் முதல் வரியைத் தாண்டிப் படிக்கவே இல்லை. "பேரே போதும்மா, நாளைக்கு வந்துடு" என்றார். அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டேன். அந்தப் பேர் என் முகத்துக்குப் பொருத்தமாக இருப்பதாகத் தோன்றியது. எனக்குள் அந்தக் கர்வம் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

கல்யாணம் மட்டும் அமையவில்லை. பெண் பார்க்க வந்த ஒரு அம்மா எங்கள் வீட்டு வாசலிலேயே தன் மகனிடம் கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. "இவ நம்ம வீட்டுக்கு வந்தா நம்ம விஷயம் ஒண்ணு பாக்கி இல்லாம வெளியே போயிடும்டா." அதோடு போனவர்கள்தான். நான் தம்பி வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

எங்கள் சலவைக் கடை மூன்று அறை. முன்னால் துணி வாங்கும் மேஜை, அது என் இடம். நடுவில் துவைக்கிற இயந்திரங்கள். பின்னால் இஸ்திரி அறை. துணியை வாங்கும்போதே அதில் ஒரு சீட்டுக் கட்டி, சீட்டில் எண் எழுத வேண்டும். சிவப்புச் சீட்டு என்றால் முழுச் சூட்டில் தேய்க்கலாம். நீலச் சீட்டு என்றால் மெல்லிய துணி, சூட்டைக் குறைத்து, மேலே ஒரு துணி போட்டுத் தேய்க்க வேண்டும். இஸ்திரி அறையில் இருப்பவர் துணியை ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டார். ஒரு நாளைக்கு நூறு துணி வந்து விழும் இடத்தில் அதற்கெல்லாம் நேரம் ஏது? சீட்டின் நிறத்தைப் பார்ப்பார், தேய்ப்பார்.

இன்னொரு பழக்கமும் எங்கள் கடைக்கு மட்டும் உண்டு. தகராறு வந்தால் முதலாளி யாரையும் விசாரிக்க மாட்டார். பொத்தான் முன்பே அறுந்திருந்ததா, கறை யாரால் வந்தது, எதுவானாலும் ஒரே வார்த்தைதான். "வாய்மையைக் கூப்பிடு." நான் போய்ச் சொல்வேன். "வாய்மை சொன்னா சரிதான்" என்று எழுந்து போய்விடுவார். சண்டை முடிந்தது. பல வருஷம் அப்படியே ஓடியது. அதுவரை நான் உள்ளதைத்தான் சொல்லியிருந்தேன். உள்ளதைச் சொல்வதில் எனக்கு அதுவரை எந்த நஷ்டமும் வந்ததில்லை என்பதை இப்போது யோசித்தால் புரிகிறது.

பின்னால் தேய்க்கிறவளை எல்லாரும் இஸ்திரி அக்கா என்போம். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். தேய்த்த சட்டையை அவள் ஒரு உதறு உதறி மாட்டும்போது யாரோ உடுத்திக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். பேச்சு குறைவு. மதியம் என் டப்பாவைத் திறந்து பார்த்து, "இவ்வளவுதானா சாப்பாடு?" என்று தன்னுடையதில் பாதியைத் தள்ளுவாள். "பேர் பெருசா இருந்தா போதுமா, உடம்பும் வேணும்டி" என்பாள். அந்தக் கடையில் என் பேரை வைத்து விளையாடியவள் அவள் ஒருத்திதான்.

பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு புதன்கிழமை காலை. ஒரு அம்மாள் மகளின் கல்யாணத்துக்கு என்று பாலாடை நிறத்தில் ஒரு பட்டு கவுன் கொண்டுவந்தாள். ரசீது எழுதும்போது என் பேரைக் கேட்டாள். சொன்னேன். அவ்வளவுதான், கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "என்ன அழகான பேர்! யாரும்மா வச்சா?" எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்பா, லாரி, ஏமாற்றிய கூட்டாளி என்று நூறு தடவை சொன்ன கதையை நூற்றொன்றாவது தடவை கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். சொல்லிக்கொண்டே சீட்டைக் கட்டினேன். கை என்ன நிறத்தை எடுத்தது என்று நான் பார்க்கவே இல்லை. எண் நானூற்றுப் பதினெட்டு.

மதியம் பின்னறையிலிருந்து ஒரு அலறல் கேட்டது. நான் ஓடியபோது அக்கா அங்கே இல்லை. முதலாளியைக் கூப்பிடப் பின்வாசல் வழியாக வெளியே ஓடியிருந்தாள். மேஜைமேல் அந்த கவுன் கிடந்தது. நெஞ்சுப் பகுதியில் இஸ்திரிப் பெட்டியின் உருவம் அப்படியே பழுப்பாகப் பதிந்திருந்தது. கழுத்துப் பட்டியில் சீட்டுத் தொங்கியது. சிவப்பு.

அப்புறம் நடந்ததை நான் யோசித்துச் செய்ததாக நினைவில்லை, ஆனால் கை மட்டும் நன்றாக யோசித்திருக்கிறது. என் முன்சட்டைப் பையில் நீலச் சீட்டுக் கட்டு இருந்தது. ஒன்றை உருவினேன். காதில் செருகியிருந்த பென்சிலால் 418 என்று எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு தெளிவாக அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. சிவப்பை அவிழ்த்துப் பைக்குள் போட்டுவிட்டு நீலத்தைக் கட்டினேன். முதலாளியும் அக்காவும் உள்ளே வந்தபோது வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். பார்த்தால் கவுனுக்காகப் பதறுகிற மாதிரி இருந்திருக்கும்.

"சிவப்புச் சீட்டு போட்டிருந்துச்சுங்க, அதான் முழுச் சூடு வச்சேன்" என்று சொல்லிக்கொண்டே வந்த அக்கா சீட்டைப் பார்த்து நின்றுவிட்டாள். குனிந்து பார்த்தாள். கையில் எடுத்துப் பார்த்தாள்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "என்னம்மா கட்டின?"

"நீலம்தாங்க" என்றேன். கொஞ்சம்கூட வாய் கூசவில்லை.

"அப்புறம் என்ன? வாய்மை சொன்னா சரிதான்."

அக்கா என்மேல் பாய்ந்திருந்தால் நான் உளறியிருப்பேன் என்று பல நாள் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் பாயவில்லை. என்னைப் பார்த்தாள், சந்தேகமாகக்கூட இல்லை, பயந்துபோய்ப் பார்த்தாள். "அப்போ சிவப்பாத்தானே தெரிஞ்சுது. இப்போ நீலமா இருக்கே. எனக்குக் கண்ணுல என்னமோ ஆயிடுச்சு வாய்மை" என்றாள்.

முதலாளி அவளை அனுப்பவில்லை. கத்தினார், அடங்கினார், அந்த அம்மாளிடம் எப்படியோ பேசிச் சமாளித்தார். அனுப்பியிருந்தால்கூட அவர்மேல் பாதிப் பழியைப் போட்டிருப்பேன். அக்கா தானாகவேதான் போனாள். அடுத்த வாரம் கண் மருத்துவரிடம் போய்விட்டு வந்து என்னிடம் சொன்னாள். "கண்ணுல ஒரு குறையும் இல்லைங்கிறார். எழுத்தெல்லாம் படிக்கச் சொன்னார், கலர் அட்டையெல்லாம் காட்டினார், எல்லாம் சரியாச் சொன்னேன். ஆனா நீ பொய் சொல்லுவியா? டாக்டருக்கு என்ன தெரியும்?" மாதக் கடைசியில் நின்றுவிட்டாள். இன்னொருத்தியின் கல்யாணத் துணியையும் பாழாக்கிவிடுவேனோ என்று பெட்டியைத் தொடவே பயமாக இருக்கிறது என்றாள். போகும் நாளில் என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். சே, அந்தக் கையைத் தட்டிவிடக்கூட எனக்குத் துப்பில்லை.

அப்புறம் அவள் இரண்டு தெரு தள்ளி ஒரு அலுவலகக் கேன்டீனில் பாத்திரம் கழுவப் போனாள். நிறம் பார்க்க வேண்டாத வேலை. சாலையைக் கடக்கச் சிக்னலில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர்களிடம் "பச்சை விழுந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பாள். ஒரு தடவை பக்கத்தில் நின்றது நான். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் பச்சையாத்தான் தெரியுது. இருந்தாலும் நீ சொல்லு. நீ சொன்னா சரி" என்றாள். "பச்சைதான்க்கா" என்று சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டுபோய் அந்தப் பக்கம் விட்டேன். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது. மனுஷ ஜென்மம் அப்படித்தான் போலிருக்கிறது. அதற்கப்புறம் நான் அந்தச் சிக்னல் பக்கமே போகாமல் சுற்று வழியில் வீட்டுக்குப் போனேன்.

இப்படியே என் காலம் போயிருக்கும். போன மாதம் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் பிறந்த குழந்தை. தம்பி பிறப்புச் சான்றிதழ்ப் படிவத்தைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தான்.

"அக்கா, வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும். பேர் நாங்க முடிவு பண்ணிட்டோம். உன் பேர்தான்."

"என் பேரா? வேண்டாம்டா."

"ஏன்?"

"பழைய பேரு. பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவாங்க."

"உன்னை யார் கேலி பண்ணினா? தலையில வச்சு ஆடினாங்க." தம்பி தன் மனைவியைப் பார்த்துச் சிரித்தான். "பாத்தியா? தன் பேரை வைக்கிறோம்னா யாராவது வேண்டாம்பாங்களா? இதுதான் எங்கக்கா."

வேண்டாம் என்பதும் எனக்கு ஒரு பெருமையாகப் போய் முடிந்தது. இரண்டு நாள் வேறு வேறு காரணம் சொல்லிப் பார்த்தேன். சொன்ன ஒவ்வொன்றும் பொய். அவன் அத்தனைக்கும் இன்னும் கொஞ்சம் பூரித்தான். தொட்டிலில் அந்தச் சின்ன உருவம் கையை முறுக்கிக்கொண்டு தூங்கியது. நாளைக்கு ஒருத்தர் இவளையும் கூப்பிட்டு நிறுத்தி, இவள் வாயில் வந்ததைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை, அவன் பேனாவை எடுத்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கவுன், சீட்டு, நீலம், சிக்னல், எல்லாம். சொல்லி முடித்ததும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. "பதினோரு வருஷமா இதை மனசுல வச்சுத் தவிச்சிருக்கியே அக்கா! வேற யாராவதா இருந்தா மறந்தே போயிருப்பாங்க" என்றான்.

எனக்கு அவனை அறையலாம்போல் இருந்தது. திருடியைக் கையும் களவுமாகக் கொண்டுவந்து நிறுத்தினால் அவளுக்கு மாலை போடுகிறான்!

தம்பி மனைவி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. "அந்த அக்காவுக்கு இது தெரியுமா அண்ணி?" என்றாள்.

"தெரியாது."

"பின்ன எங்ககிட்ட எதுக்கு முதல்ல சொல்றீங்க?"

என் முகம் சுண்டிப்போனது. அவள் கேட்டது சரி. கேட்டுத் தலைகோதிவிடுகிற ஆட்களிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது, அதனால்தான். என் துணிப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு மருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கேன்டீனின் பின்னறையில் அக்கா முழங்கை வரை நுரையோடு தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வா வா, வழி தெரிஞ்சுதா? சாப்பிட்டியா?"

"அக்கா, அந்தப் பட்டு கவுன்ல நான் கட்டினது சிவப்புச் சீட்டுதான். உன் கண்ணு சரியாத்தான் பாத்துது. நீ வெளியே போனப்போ நான்தான் அவுத்துட்டு நீலத்தைக் கட்டினேன்."

அவள் தட்டைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "சும்மா இரு. என் மனசு ஆறட்டும்னு இப்படிச் சொல்றே."

எனக்கு அழுகை முட்டியது. என் வாயில் வந்த உண்மையை இந்த ஊரில் நம்பாத முதல் ஆள் அவள்தான். டப்பாவைத் திறந்து, அன்று அவிழ்த்துப் பைக்குள் போட்ட அந்தச் சீட்டை எடுத்து நீட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். எண்ணைப் படித்தாள். முன்னும் பின்னும் திருப்பினாள்.

"சிவப்பு" என்றாள்.

"ஆமாக்கா."

"உன்னைக் கேக்கல." முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது. "இது சிவப்புன்னு எனக்குத் தெரியுது. அன்னிக்கும் தெரிஞ்சுது."

நான் தலை குனிந்து நின்றேன். காலில் விழலாமா என்று நினைத்தேன். விழுந்தால் அவள் தூக்கிவிட வேண்டியிருக்கும், அந்த வேலையையும் அவளுக்கு எதற்கு வைக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

"முதலாளிகிட்ட சொன்னியா?"

"நாளைக்குச் சொல்றேன்க்கா."

"நாளைக்கா? இப்போ சொல்லு. நான் கேக்கற மாதிரி சொல்லு."

போனை எடுத்து முதலாளியை அழைத்து, அவளுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். முதலாளிக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். ஒவ்வொரு வார்த்தையாக உடைத்து உடைத்துச் சொன்னேன். கவுனை வீணாக்கியது நான், இஸ்திரி அக்கா இல்லை, சீட்டை மாற்றியதும் நான், உங்களிடம் பொய் சொன்னதும் நான். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அப்புறம் பழக்க தோஷத்தில், "நீ சொன்னா சரிதான்மா" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். போன் வைக்கப்பட்டது.

அக்கா சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை அது. "பாத்தியா? இப்பவும் உன் பேச்சுதான் செல்லுது. பதினோரு வருஷம் நான் சட்டைத் துணியைத் தொடலடி. என் பொண்ணு கல்யாணத்துல அவ கட்டிக்கிட்டது என்ன கலர்னு பக்கத்துல இருக்கறவங்களைக் கேட்டேன். கேட்டு, அவங்க சொன்னப்புறம்தான் நல்லா இருக்குன்னு சொன்னேன்."

இது எனக்குத் தெரியாது. அந்தக் கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தாள். உடம்பு சரியில்லை என்று ஒரு பொய் சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தேன்.

தம்பி குழந்தைக்கு என் பேரை வைக்கப்போகிறான் என்பதையும் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. அக்கா தட்டுகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "டாக்டர் சொன்னதை விட்டுட்டு உன் பேரை நம்பினேன். அந்தப் பச்சப்புள்ள என்ன பாவம் பண்ணுச்சு? தப்புப் பண்ணினா நாலு பேர் சந்தேகப்படற மாதிரி ஒரு பேரா வைக்கச் சொல்லு. போ, எனக்கு வேலை இருக்கு." சீட்டைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை தம்பி மனைவி படிவத்தில் ஒரு பூவின் பேரை எழுதினாள். தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. என்மேல் அவன் கோபமாக இருந்தது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கடையிலும் பழக்கம் மாறிவிட்டது. நேற்று ஒரு பொத்தான் தகராறில் முதலாளி என்னைக் கூப்பிடாமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் மேஜைக்குப் பின்னால் நின்று ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். காது இரண்டும் எரிந்தது.

இன்று காலை சுற்று வழியை விட்டுவிட்டுச் சிக்னல் வழியே வந்தேன். எதிர்ப் பக்கம் அக்கா நின்றிருந்தாள், அங்கே பேசுவது இங்கே கேட்கிற அளவு குறுகலான சாலை. பக்கத்தில் ஒரு பெண், தினமும் உதவுகிறவள் போலிருக்கிறது, அவள் முழங்கையைப் பிடித்து, "பச்சை விழுந்துடுச்சும்மா, வாங்க" என்றாள்.

"எனக்குத் தெரியுது" என்றாள் அக்கா.

கையை விடுவித்துக்கொண்டு தனியாக நடந்து வந்தாள். நடுச் சாலையில் என்னையும் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். எதுவும் பேசாமல் என்னைத் தாண்டிப் போனாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன், விளக்கு மறுபடி சிவப்பாகிவிட்டது.